பெயரா, எண்ணா? ஒருவரைப் பற்றி இணையத்தில் இலவசமாக விசாரிக்க எந்த வழி எதற்கு உதவும்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஒருவரைப் பற்றி விசாரிக்க வேண்டிய தேவை நமக்கு எப்போது வருகிறது? பெண்ணுக்கு வரன் வந்தால், மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட் பணம் கேட்டால், மாடி வீட்டுக்கு ஆள் வந்தால். முன்பு இதற்கெல்லாம் தெரிந்தவர் ஒருவர் போதும். மஞ்சக்குப்பத்தில் ஒரு மாமா, வில்லியனூரில் ஒரு சித்தப்பா விசாரித்துச் சொல்லிவிடுவார்கள். இன்று மாப்பிள்ளை ஓசூரில் வேலை பார்க்கிறார், மனை விற்பவர் சென்னையில் இருக்கிறார், ஏஜென்ட்டுக்கு அலுவலகம் எங்கே என்றே தெரியாது. அதனால் பெரியவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து, "ஆன்லைன்ல கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா" என்கிறார்கள். பிள்ளையும் கூகுளில் பெயரைத் தட்டி, பேஸ்புக்கில் நாலு படம் பார்த்து, "நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிடுகிறது.

காசு செலவில்லாமல் பார்க்கக் கூடிய அரசுத் தளங்கள் இதைவிடப் பல மடங்கு உருப்படியானவை. ஆனால் எது எதற்கு என்று தெரியாமல் போனால் அவையும் தவறான ஆளைக் காட்டிவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயரை வைத்துத் தேடும் வழிகளைக் கடைசியில் வையுங்கள். சம்பந்தப்பட்டவரிடமே ஓர் எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணைச் சரிபார்க்கும் வழிகளை முதலில் வையுங்கள். வழக்கு எண், சர்வே எண், ஜிஎஸ்டி எண், உரிம எண் என்று எல்லாத் தொழிலுக்கும் ஏதோ ஓர் எண் இருக்கிறது.

ஏன் பெயர் உதவாது? செந்தில்குமார் என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துதான். அது முன்னாலும் வரும், பின்னாலும் வரும். கே. செந்தில்குமார் என்பவர் ஓரிடத்தில் செந்தில் குமார் கே, இன்னோரிடத்தில் தகப்பனார் பெயரையும் சேர்த்து செந்தில்குமார் கலியபெருமாள். ஆங்கிலத்தில் எழுதும்போது 'டி எச்' போட்டு ஒருவர், 'டி' மட்டும் போட்டு ஒருவர். எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் பிரெஞ்சு வழக்கப்படி எழுதிய பழைய சான்றிதழ்கள் வேறு இருக்கின்றன. அங்கே குமார் என்பது 'சி ஓ யூ எம் ஏ ஆர்'. ராஜு என்றால் 'ஜே' தனியாக வராது, 'டி ஜே' சேர்ந்து வரும், கடைசியில் 'ஓ யூ'. அரசுத் தளங்களில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தேட வேண்டும் என்பதால், பாகூரில் பிறந்து கடலூரில் படித்த ஒருவர் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு ஆளாகப் பதிவாகியிருப்பார். அதே நேரத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இருபது செந்தில்குமார்கள் வந்து நிற்பார்கள்.

சமூக ஊடகங்களால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். மாப்பிள்ளை என்று அனுப்பிய போட்டோவை கூகுள் லென்ஸில் போட்டு, அது வேறு யாருடைய படமாவது இருக்குமா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. லிங்க்ட்இன்னில் வேலை, வருடம் எல்லாம் அவர் சொன்னதோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். ட்ரூகாலரில் வரும் பெயருக்கு மட்டும் அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். பல சமயம் அது மற்றவர்கள் தங்கள் போனில் எப்படிச் சேமித்திருக்கிறார்கள் என்பதுதான். அதைவிட யுபிஐ செயலியில் எண்ணைப் போட்டதும் வரும் வங்கிக் கணக்குப் பெயர் நம்பத் தகுந்தது. வாடகை முன்பணம் வாங்குகிறவர் சொன்ன பெயரும் அந்தப் பெயரும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளலாம். இவற்றால் ஆகக்கூடியது அவ்வளவுதான்.

இப்போது வழக்கு விவரம். இ-கோர்ட்ஸ் என்ற நீதிமன்றத் தளமும் அதன் செயலியும் முழுக்க இலவசம். மாவட்ட நீதிமன்றங்களின் வழக்குகளை வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், வழக்கறிஞர் பெயர், எஃப்ஐஆர் எண் எனப் பல வழிகளில் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர் என்று 16 இலக்க அடையாளம் ஒன்று உண்டு, அதைப் போட்டால் நேராக அந்த வழக்கிலேயே போய் நிற்கும்.

பெயர் போட்டுத் தேடும் வழி மேலுக்குக் கவர்ச்சியாக இருக்கும். அதன் குறையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம், வருடம் எல்லாவற்றையும் தேர்ந்த பிறகுதான் தேடல் நடக்கும். கடலூர் மாவட்டம் என்று போட்டால் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டி என்று வளாகங்கள் தனித்தனியாக வரும். பண்ருட்டியில் 2019-ல் போட்ட வழக்கு, கடலூர் வளாகத்தில் 2021 என்று தேடினால் வராது. புதுச்சேரி தனி மாநிலப் பட்டியலில் இருக்கிறது, அதில் காரைக்கால் மறுபடி தனி. எனவே 'ஒன்றும் வரவில்லை' என்பதை 'வழக்கே இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பட்டியலில் அதே பெயர் வந்துவிட்டால் இன்னும் கவனம் வேண்டும். முதலில் வழக்கைத் திறந்து தகப்பனார் பெயரோ முகவரியோ இருக்கிறதா என்று பாருங்கள். பல வழக்குகளில் இருக்காது, அப்படியானால் அது யாருடைய வழக்கோ. அடுத்து, வழக்கின் வகை. எம்சிஓபி என்றால் விபத்து இழப்பீட்டு மனு, அதில் நம்மவர் அடிபட்டவராகவும் இருக்கலாம். ஓஎஸ் என்றால் சொத்து, பாகப்பிரிவினை, கடன் போன்ற சிவில் வழக்கு. அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை வழக்கு இல்லாத குடும்பத்தை நம் மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதை வைத்து யாரையும் தள்ளிவிட முடியாது. செலாவணி முறிச் சட்டம் 138-ஆம் பிரிவு என்றால் செக் திரும்பிய வழக்கு. பணம் கொடுக்கல் வாங்கலுக்காக ஒருவரைப் பார்க்கிறீர்கள் என்றால் நான் நின்று படிப்பது இந்தப் பிரிவைத்தான். வெவ்வேறு ஆட்கள் போட்ட மூன்று நான்கு செக் கேஸ்கள் ஒரே ஆள்மேல் வரிசையாக இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் தேதியைத் தள்ளிவைத்துவிட்டு நேரில் கேட்பதுதான் முறை. கடைசியாக, முடிந்த வழக்கு என்றால் எப்படி முடிந்தது என்ற விவரமும் அங்கேயே இருக்கும். விடுதலையானவரைக் குற்றவாளி என்று பேச நமக்கு உரிமை இல்லை.

உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிக்க இந்தியன் கானூன் தளம் வசதி. புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் சென்னைதான் என்பதால் இரண்டு பக்கத்துத் தீர்ப்புகளும் ஒரே தேடலில் வரும். முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் மாவட்டம், நிலையம், வருடம், எண் கொடுத்துப் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற, வெளியே விடக் கூடாத வழக்குகளின் அறிக்கைகள் அதில் ஏறாது. எண் தெரிந்தவர்களுக்குத்தான் இது பயன், ஆள் பெயரைப் போட்டு அலசுகிற இடம் இல்லை.

மனை வாங்குவதில்தான் எண்ணின் அருமை முழுதாகத் தெரியும். தரகர் பேச்சு எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும்.

"சர்வே நம்பர் குடுங்க சார், ஈசி பாத்துக்கிறோம்."

"எதுக்கு சார் நம்பரெல்லாம்? நான் இருக்கேன்ல. பார்ட்டி தங்கமான பார்ட்டி."

பார்ட்டி தங்கமா என்று ஆளைத் தேடிப் பயனில்லை, நிலத்தைத் தேட வேண்டும். தமிழ்நாட்டு நிலத்துக்கு பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது ஈசியை, கட்டணமில்லாமல் பார்க்கலாம். மண்டலம் கடலூர், பிறகு மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு. அவ்வளவு கொடுத்தால் அந்த நிலத்தில் நடந்த கிரயம், செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம், அடமானம் எல்லாம் தேதி வரிசையில் வரும். படிக்கும்போது ஒரு விஷயத்தில் கண்ணை வையுங்கள். உரிமைப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்த எம்ஓடி பதிவு ஒன்று இருந்து, அதற்குப் பின்னால் அதை முடித்ததற்கான ரசீது ஆவணம் இல்லையென்றால், ஏட்டைப் பொறுத்தவரை கடன் இன்னும் நிற்கிறது. "அதெல்லாம் கட்டி முடிச்சாச்சு" என்று விற்பவர் சொன்னால், ரசீதைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்று சொல்லலாம்.

பட்டாவைத் தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் பார்க்கலாம், இதுவும் இலவசம். பட்டாவா, ஈசியா என்று கேட்டால், விற்பவரின் நடத்தையைச் சொல்வது ஈசிதான். பட்டா இன்றைக்கு வருவாய்த் துறை ஏட்டில் யார் பெயர் என்பதைச் சொல்லும், ஈசி அவர் அந்த நிலத்தை என்னவெல்லாம் செய்தார் என்பதைச் சொல்லும். இரண்டிலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் காரணம் கேளுங்கள், வாரிசுப் பெயர் மாற்றம் செய்யாமல் விட்டதாகவும் இருக்கலாம். பதிவு செய்யாத உயிலும், நோட்டரியிடம் எழுதிய ஒப்பந்தமும் ஈசியில் வராது. நிலுவையில் இருக்கும் சிவில் வழக்கையும் ஈசி காட்டும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால்தான் இ-கோர்ட்ஸ் தேடலை இதோடு சேர்த்துச் செய்யச் சொல்கிறேன். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா எனப்படும் வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்க வேண்டும், தமிழ்நாடு ரெரா தளத்தில் திட்டமும் விற்பவர் விவரமும் கிடைக்கும்.

கடலூர் சாலையில் முள்ளோடை தாண்டினால் இந்தக் கதை முழுக்க மாறிவிடும். புதுச்சேரிப் பகுதி நிலம் தமிழ்நாட்டுத் தளத்தில் வராது, நில ஆவணங்களுக்கு அங்கே 'நிலமகள்' என்ற தனித் தளம், ரெராவும் தனி. எல்லை கிராமங்களில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் இன்னொன்று. மனை எந்த ஏட்டில் இருக்கிறது என்பதை உறுதி செய்யாமல் எந்தத் தேடலையும் தொடங்க வேண்டாம்.

வெளிநாட்டு வேலை ஏஜென்ட் விஷயத்தில் ஒப்பிடவே அவசியமில்லை, ஒரே ஒரு தளம்தான் முதல் இடம்: மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் அதில் மாநிலவாரியாக இருக்கிறது. உரிமம் நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, நிறுத்திவைக்கப்பட்டதா என்பதும் தெரியும். ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு உண்டு. பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் லட்சக்கணக்கில் பேசுகிறவரிடம் உரிம எண் கேட்டால், "நான் சப்-ஏஜென்ட், மெயின் ஆபீஸ் சென்னை" என்பார். அந்தச் சென்னை அலுவலகத்தின் எண்ணை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, அதில் இருக்கும் தொலைபேசிக்கு நீங்களே அழைத்து, இந்த ஆள் உங்கள் ஆளா என்று கேளுங்கள். அவர் கொடுக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். சிங்கப்பூர் என்றால் அங்குள்ள மனிதவள அமைச்சகத் தளத்தில் உரிமம் பெற்ற ஏஜென்சிகளின் பட்டியல் இருக்கிறது, எல்லாரும் பார்க்கலாம். வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்புகிற குடும்பங்களுக்கு இந்த ஒரு தேடல் செய்யும் நன்மை பெரியது. தயவுசெய்து தெரிந்தவர்களுக்குச் செய்து கொடுங்கள்.

கடை, கம்பெனி நடத்துகிறேன் என்று சொல்பவர்களுக்கு ஜிஎஸ்டி தளம். லாகின் இல்லாமலேயே 15 இலக்க எண்ணைப் போட்டால் சட்டப்பூர்வப் பெயர், கடைப் பெயர், பதிவான தேதி, நடப்பில் இருக்கிறதா ரத்தா, ரிட்டர்ன் எந்த மாதம் வரை தாக்கல் ஆகியிருக்கிறது என்பது வரை வரும். எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. "பத்து வருஷமா பாண்டியில பிசினஸ்" என்பவரின் எண் 33-இல் தொடங்கி, பதிவுத் தேதி போன வருடமாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி தானாக வரும். தனியார் நிறுவனம் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் இயக்குநர்கள் பெயர் கிடைக்கும். டாக்டர் என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேடு. பட்டம் என்றால் முதலில் யுஜிசி வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியல், அதில் புதுச்சேரி முகவரியோடும் ஒன்று இருந்திருக்கிறது. டெபாசிட் கேட்கும் நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கியின் சசேத் தளம். தேர்தலில் நின்றவர் என்றால் சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் வேட்பு மனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். தேர்தல் ஆணையத் தளத்திலும், அந்தப் பத்திரங்களைத் தொகுத்துத் தரும் மைநேதா தளத்திலும் படிக்கலாம்.

வரன் பார்ப்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினம். ஒருவருக்கு முன்பு கல்யாணம் ஆனதா என்று பெயரைப் போட்டுத் தேடிச் சொல்லும் பொதுத் தளம் நம்மிடம் கிடையாது. குடும்ப வழக்குகளின் விவரங்கள் பல இடங்களில் மறைக்கப்பட்டிருக்கும், அது நியாயமும் கூட. விவாகரத்து ஆனவர் என்று அவர்களே சொல்லியிருந்தால் வழி இருக்கிறது. எந்த நீதிமன்றம், எச்எம்ஓபி (இந்துத் திருமணச் சட்ட மனு) எண் என்ன என்று கேட்டு வாங்குங்கள். வழக்கு முடிந்ததா, எந்தத் தேதியில் என்பதை இ-கோர்ட்ஸில் பார்த்துவிட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் கேளுங்கள். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு என்றால், மேல்முறையீடு இருக்கிறதா என்று சென்னை உயர் நீதிமன்ற வழக்கு நிலையில் பார்க்க வேண்டும். சார்பு நீதிமன்றத் தீர்ப்பு என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் பார்க்க வேண்டும். "கேஸ் முடிஞ்சிடுச்சு" என்று வாயால் சொல்வதற்கும் தீர்ப்பு கையில் இருப்பதற்கும் நடுவே சில வீடுகளில் ஒரு வருடம் கூட இருக்கிறது.

பிரான்ஸ் குடியுரிமை உள்ள வரன் புதுச்சேரியில் சகஜம். இங்கே ஒரு நல்ல வசதி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பிரெஞ்சு ஏட்டில் ஒருவருடைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் அவர் திருமணமும் விவாகரத்தும் குறிக்கப்படும். நம் ஊர்ப் பிறப்புச் சான்றிதழில் அப்படி எதுவும் வராது. வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகள் நாந்த் நகரில் உள்ள மத்தியப் பதிவகத்தில் இருக்கின்றன, பிரான்சில் பிறந்தவர்களுக்கு அந்தந்த ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில். மாப்பிள்ளை தன்னுடைய முழு நகலை இணையத்திலேயே இலவசமாக வரவழைத்துக்கொள்ளலாம். அண்மையில் எடுத்த நகலைக் கேளுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய நகல் பத்து வருடத்துக்கு முந்தைய நிலையைத்தான் காட்டும். பெண்ணின் அப்பா சம்பந்தியிடம் இதை எப்படிக் கேட்பது என்று தயங்குவார். கன்சுலேட்டில் திருமண வேலைக்கே இந்த நகல் தேவைப்படும் என்பதால், "பேப்பர் வேலைக்கு இப்பவே எடுத்துடுங்க சம்பந்தி" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஒரு வழியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். ஆதார் எண்ணை வைத்து முழு விவரம் எடுத்துத் தருகிறேன், யாரோடு எவ்வளவு நேரம் பேசினார் என்ற கால் லிஸ்ட் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அது குற்றம், வாங்குகிறவரும் மாட்டுவார். வாக்காளர் பட்டியல் பொதுவில் இருக்கிறது என்பதற்காக ஒரு பெண்ணின் வீட்டு எண்ணைத் தேடி எடுப்பதும் நாம் பேசும் விசாரணையில் சேராது. தேவை முடிந்ததும் வாங்கிய நகல்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விட்டு வைக்காமல் அழித்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால், தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் வாடகைதாரர், வீட்டு வேலையாள், பணிக்கு வருபவர் ஆகியோருக்கான சரிபார்ப்புச் சேவை இருக்கிறது. கட்டணம் உண்டு. ஆனாலும் பெயர் தேடலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைவிட இது மேல், ஏனென்றால் ஆளும் முகவரியும் ஒன்றுதானா என்பதைக் காவல்துறையே பார்த்துச் சொல்கிறது. விண்ணப்பத்துக்கு அவருடைய விவரங்கள் வேண்டும் என்பதால், சரிபார்க்கப் போகிறோம் என்று அவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.